பத்து ரூபாய் வாஷர்!

கடிகாரத்தைக் கழற்றி மாட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். எல்லாவற்றையும் மாட்டி, மூடியும் போட்டு, 'அப்பாடா' என்று நிமிரும்போது மேஜை மேல் ஒரு குட்டி ஸ்க்ரூ நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அது எங்கிருந்து வந்தது என்பது கடவுளுக்கும் கடிகாரக் கம்பெனிக்கும்தான் வெளிச்சம்.

என் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. எதுவும் மிச்சமாகவில்லை. குறைந்தது!

2011-ம் வருடம். மதுரை. அப்பாவின் 1978 மாடல் அம்பாஸடர் ரொம்ப நாளாகவே ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வருகிற டூ வீலர்காரர்கள் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். "இன்ஜினைப் பிரிச்சு ரீபோர் பண்ணிடலாம் சார்" என்றார் எங்கள் ஏரியா ஷெட்காரர். அப்பா டைரியைப் புரட்டினார். (அந்த வண்டிக்குப் போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும், ஒட்டிய ஒவ்வொரு பஞ்சரும் அதில் உண்டு. என் பிறந்த நேரத்தைக்கூட அவர் அவ்வளவு துல்லியமாகக் குறித்ததில்லை.) "சரி, பண்ணிடு" என்றார்.

இன்ஜினைப் பிரித்தார்கள். நட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு பழைய டால்டா டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார்கள். ஷெட்டில் இருந்த பையன், கறுத்துப்போன மண்ணெண்ணெயை அப்படியே சாக்கடையில் கொட்டினான். நட்டுகளைப் பொறுக்கிவிட்டான். வாஷர்கள் சங்கமமாகிவிட்டன.

"போனா போகுது, விடுறா. போய் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா."

பையன் சைக்கிளில் பறந்தான். மூலைக்கடை ஹார்டுவேர் ஸ்டோரில் பத்து ரூபாய்க்கு ஒரு பிடி வாஷர். வெள்ளி மாதிரி பளபளா. பழைய வாஷரைவிட இதுதான் அழகு என்று எனக்கே தோன்றியது. ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாஷரில் என்ன சார் இருக்கிறது கேட்க? நடுவில் ஓட்டை இருந்தால் வாஷர். அவ்வளவுதானே?

வண்டி வந்த ஒன்பதாவது நாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கோவில்பட்டிப் பக்கம் கிளம்பினோம். முன்ஸீட்டில் அப்பா, மடியில் டைரி. பின்னால் அம்மா, மடியில் மண்பானை. விருதுநகர் தாண்டும்வரை இன்ஜின் பட்டுப்போல ஓடியது. "பாத்தியா, புது வண்டி மாதிரி இருக்கு" என்று அப்பா சொன்னார். அவர் வாயால் வண்டியைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாத்தூர் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர். 'டபக்... டபக்...' என்று ஒரு சத்தம். இழுவை பாதியாகிவிட்டது. பானட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஓரம்கட்டி பானட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் ரசம் கொதிப்பதுபோல் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் குச்சியை உருவினேன். நல்ல டிகிரி காபி! ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம்தான். டிரைவிங் தெரிந்த எவனுக்கும் வயிற்றைக் கலக்கும் காபி.

மினி லாரி ஒன்றில் கட்டி இழுத்துக்கொண்டு கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மெக்கானிக். அண்ணாச்சி என்றே ஊர் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். நட்டுகளில் ஸ்பேனரை வைத்தார். முதல் நட்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டது மாதிரி, தொட்டதும் எழுந்து வந்துவிட்டது.

"என்ன தம்பி, இத இறுக்கவே இல்லியா?"

"இறுக்கினாங்க அண்ணாச்சி. நான் பாத்தேன். மாங்கு மாங்குன்னு இறுக்கினாங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் அடியிலிருந்த வாஷரை எடுத்து, காரின் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினார். அது தட்டையாக உட்காரவில்லை. டீ டம்ளருக்கு அடியில் வைக்கிற சாஸர் மாதிரி குழிந்திருந்தது. அப்புறம் ஒரு அரத்தை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. "கடிக்குது பாத்தீங்களா?" மூலையில் கிடந்த ஒரு பழைய அம்பாஸடர் இன்ஜினிலிருந்து கறுப்பாக, தடியாக ஒரு வாஷரைக் கழற்றி அதன் மேலும் அரத்தை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கீறல் இல்லை.

"இது தகரக் கொட்டாய்க்குப் போடுற வாஷர். இது இன்ஜினுக்குப் போடுற வாஷர். ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை இருக்கு. அம்புட்டுத்தான் ஒத்துமை."

அன்று ராத்திரி அண்ணாச்சியிடம் கற்றதையும், பிறகு புத்தகங்களில் துருவியதையும் சேர்த்துச் சொல்கிறேன். பைக்கையோ பழைய காரையோ ரீகண்டிஷன் பண்ணக் கொடுத்துவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அன்பர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

மூடியும் குக்கரும்

இன்ஜினின் பிளாக் ஒரு பாத்திரம். ஹெட் அதற்கு மூடி. நடுவில் இருக்கும் கேஸ்கெட், குக்கர் மூடியில் இருக்கிற ரப்பர் வளையம் மாதிரி. வீட்டுக் குக்கருக்குள்ளே, வெளிக்காற்றைப்போல் சுமார் இரண்டு மடங்கு அழுத்தம். அதற்கே அது விசிலடித்து ஊரைக் கூட்டுகிறது. அம்பாஸடர் மாதிரிப் பழைய பெட்ரோல் இன்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது சிலிண்டருக்குள் சுமார் நாற்பது மடங்கு!

கணக்குப் போடலாம். பழைய அம்பாஸடரின் 1489 சி.சி. இன்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 'பி-ஸீரிஸ்' வகை. அதன் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. பரப்பு சுமார் 42 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை ஒன்றரை டன்னுக்கு மேல் வருகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒரு சிலிண்டரில் மட்டும் செகண்டுக்கு 25 தடவை. ஒரு அம்பாஸடரைவிட அதிக எடை, உள்ளேயிருந்து மூடியை செகண்டுக்கு 25 தடவை முட்டுகிறது!

இதைப் பிடித்து வைத்திருப்பவை பதினோரு ஸ்டட்கள், பதினோரு நட்டுகள். கிரிக்கெட் டீம் மாதிரி. ஒவ்வொன்றும் சரியாக இறுக்கப்பட்டால் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். இதில் நான்கு பேர் ஆல்-ரவுண்டர்கள். ஹெட்டையும் பிடிப்பார்கள், ராக்கர் ஷாஃப்டையும் பிடிப்பார்கள். அதனால் ராக்கரை மட்டும் எடுக்கவேண்டும் என்றாலும் தண்ணீரை வடித்துவிட்டு, பதினோரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அந்த நான்கை மட்டும் அவிழ்க்கிற அவசரக்குடுக்கைகளால் ஹெட் கோணிக்கொள்ளும்.

போல்ட் ஒரு ரப்பர் பேண்டு!

நாம் நினைத்துக்கொண்டிருப்பது, நட்டை இறுக்கினால் அது 'உட்கார்ந்துவிடும்' என்று. அப்படியில்லை. இறுக்க இறுக்க போல்ட் நீள்கிறது. இரும்பு ரப்பர் பேண்டு. நீண்ட போல்ட் சுருங்கத் துடிக்கிறதே, அந்தத் துடிப்புதான் ஹெட்டைப் பிடிக்கிறது.

எவ்வளவு நீளும்? பத்து மில்லிமீட்டர் தடிமனும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு போல்ட் இரண்டரை டன் இழுவைக்கு நீள்வது சுமார் 0.2 மில்லிமீட்டர். ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அந்த உயரம்தான்.

இப்போது எங்கள் பளபளா வாஷருக்கு வருவோம். ஷெட்டில் மாங்கு மாங்கென்று இறுக்கியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டி ஓடி, சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி... மெத்து வாஷர் இரண்டு டன் பாரத்தைத் தாங்காமல் மெல்ல மெல்ல அமுங்கியது. ஒரு ஜெராக்ஸ் தாள் அளவு அமுங்கினால் போதும், போல்ட்டின் நீட்சியில் பாதி போய்விட்டது. இழுவிசையிலும் ஏறக்குறைய பாதி காலி. நட்டு ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. ஆனாலும் லூஸ்! எங்கள் வண்டியில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் கருகி, பக்கத்துத் தண்ணீர் வழி வரைக்கும் பிய்ந்திருந்தது.

சரி, வாஷரே வேண்டாமே? நட்டை நேரே ஹெட் மேல் இறுக்கினால்?

அதிலும் வில்லங்கம். டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி. குறித்த அளவு முறுக்கியதும் 'டிக்' என்று சொல்லும். அது அளப்பது நம் கை கொடுக்கும் முறுக்கை. போல்ட்டில் விழும் இழுவையை அல்ல. நீங்கள் கொடுக்கும் முறுக்கை நூறு ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். சுமார் ஐம்பது ரூபாய், நட்டின் அடிப்பாகம் உராய்வதிலேயே போய்விடும் (வீட்டு வாடகை). இன்னொரு நாற்பது, மரைகள் உராய்வதில் போய்விடும் (மளிகை). மிச்சம் பத்து ரூபாய்தான் போல்ட்டை நீட்டுகிற உண்மையான வேலைக்கு. வாடகை ஏறினால் என்ன செய்வோம்? மளிகையிலும் கை வைப்போம், அந்தப் பத்திலும் கை வைப்போம். நட்டின் அடியில் உராய்வு இரண்டு மடங்கானால், அதே 'டிக்'குக்குப் போல்ட்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ரெஞ்ச் மட்டும் 'ஆல் ஓகே' என்று பொய் சொல்லும்.

சொரசொரப்பான ஹெட் மேல் நட்டு பிறாண்டிக்கொண்டு திரும்பினால் இதுதான் நடக்கும். அதுவும் அலுமினிய ஹெட் என்றால் கேட்கவே வேண்டாம். கடினமான போல்ட் தலை, மெத்தென்ற அலுமினியத்தை உழுதுவிடும். வழவழப்பான, கடினமான, தட்டையான ஒரு வாஷர் நடுவில் இருந்தால், பதினோரு நட்டுக்கும் 'வாடகை' ஒரே மாதிரி இருக்கும். பாரமும் அகலமாகப் பரவும். மரையிலும் நட்டு உட்காரும் முகத்திலும் மேனுவல் சொன்னபடி சொட்டு ஆயில் போடுவதும் இதற்காகத்தான். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை ஆயில் போட்ட மரைக்கு வைத்தால் போல்ட் கூடுதலாக நீண்டு அறுந்துகூடப் போகலாம்.

அலுமினிய ஹெட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது. பத்து சென்டிமீட்டர் உயர ஹெட், 80 டிகிரி சூடேறினால், இரும்பு போல்ட்டைவிட ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாள் அளவு கூடுதலாக வளர்ந்துவிடும். போல்ட் விடாது, ஹெட்டும் விடாது. இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நசுங்குபவர் வாஷர்தான். மாமியார் மருமகள் இருக்கிற வீட்டில் ஆபீஸ் போகும் கணவன் மாதிரி. அவர் கடினமான ஆளாக இருந்தால்தான் குடும்பம் ஓடும்.

"ஸ்பிரிங் வாஷர் போட்டா லூஸ் ஆகாதுல்ல அண்ணாச்சி?" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடை திரும்பிப் பார்த்தது. இரண்டு டன் பாரத்தில் ஸ்பிரிங் வாஷர் அப்பளமாகிவிடும். அப்புறம் அதில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? செம்பு வாஷரும் அப்படியே. அது ஆயில் கசியாமல் அடைக்கத்தான். நசுங்குவதே அதன் வேலை. ஹெட்டுக்கு அது ஆகாது.

போடாவிட்டாலும் வம்பு, போட்டாலும் வம்பு

எல்லா இன்ஜினுக்கும் வாஷர் போட்டுத் தள்ள வேண்டியதுதானா? அங்கேதான் அண்ணாச்சி கறாராகிவிட்டார். "கம்பெனிக்காரன் போட்டிருந்தா நீ போடு. அவன் போடலியா, நீயும் போடாத. அவன் கிறுக்கன் இல்ல."

சில இன்ஜின்களில் ஸ்டட் கிடையாது. போல்ட் நேரே பிளாக்கில் உள்ள குழிக்குள் இறங்கும். மறுபக்கம் திறப்பில்லாத குருட்டுக் குழி. கம்பெனி மூன்று மில்லிமீட்டர் வாஷரைக் கணக்கில் வைத்துப் போல்ட்டின் நீளத்தை முடிவு செய்திருக்கும். நீங்கள் வாஷரை மறந்துவிட்டால், போல்ட் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி, குழியின் அடியில் போய் முட்டிக்கொள்ளும். ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். கை வலிக்கும், வியர்க்கும், பிரமாதமாக இறுக்கிவிட்டோம் என்று திருப்தி வரும். ஆனால் போல்ட் இறுக்கியிருப்பது குழியின் அடியை! ஹெட் சும்மா உட்கார்ந்திருக்கும். குழியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவம் அமுங்காது. போல்ட் பிஸ்டனாக மாறி பிளாக்கையே பிளந்துவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் ஹெட் வைக்கும்முன் ஒவ்வொரு குழியிலும் காற்றடித்துத் துணியால் துடைக்கிறார்கள். குழிக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்து, போல்ட் ஹெட்டுக்குக் கீழே எவ்வளவு நீட்டுகிறது என்று ஒப்பிட்டும் பார்ப்பார்கள். உங்கள் மெக்கானிக் இதைச் செய்தால் அவருக்கு ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுங்கள்.

தலைகீழ்க் கதையும் உண்டு. வாஷர் இல்லாத இடத்தில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தடியாக ஒன்றைப் போட்டால், அந்த அளவுக்குப் பிளாக்கில் பிடிக்கும் மரை குறையும். வார்ப்பிரும்பு பிளாக் என்றால் போல்ட் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு மரை பிடிக்க வேண்டும், அலுமினியம் என்றால் இரண்டு மடங்கு என்பது பட்டறைக் கணக்கு. அதற்குக் குறைந்தால், இறுக்கும்போதே மரை உருவிக்கொண்டு வரும். அப்புறம் பிளாக் மரை கழன்ற கேஸ்தான். லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புது மரை வெட்ட வேண்டும்.

இப்போதைய கார்கள் பலவற்றில் போல்ட் தலையே அகலமான விளிம்போடு வருகிறது. வாஷர் அதிலேயே அடக்கம். இன்னொரு வகையில், போல்ட்டைக் குறித்த முறுக்குக்கு இறுக்கிவிட்டு, அப்புறம் இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவலில் போட்டிருக்கும். ரப்பர் பேண்டை அது திரும்பிச் சுருங்காத எல்லை வரைக்கும் இழுக்கும் வித்தை. அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். 'நல்லாத்தானே இருக்கு' என்று திரும்ப மாட்டினால், நீண்டு போனது மேலும் நீண்டு, சுற்றுலா போகிற அன்று பார்த்து அறுந்து தொலைக்கும். அங்கே கூடுதலாக ஒரு வாஷரை நுழைத்தால் கம்பெனியின் டிகிரிக் கணக்கே தப்பாகிவிடும்.

அண்ணாச்சி சொன்ன இன்னும் இரண்டு. அச்சில் வெட்டிய வாஷரைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்க ஓரம் மழுங்கலாகவும், மறுபக்கம் கூராகவும் இருக்கும். போல்ட் தலைக்கு அடியில் சிறு வளைவு இருக்குமானால், மழுங்கல் பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். கூரான பக்கம் அந்த வளைவில் உட்கார்ந்தால் போல்ட்டின் கழுத்தை அறுக்கும். இரண்டாவது, வாஷரின் அகலம். ஹெட்டில் அது உட்காரச் சீவி விட்டிருக்கும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். பெரிய வாஷர் விளிம்பில் ஏறி நின்றுகொண்டால் நட்டும் கோணல், போல்ட்டும் கோணல்.

ராத்திரி பதினொரு மணி. ஹெட் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று அண்ணாச்சி பார்த்தார். நல்லவேளை, கோணவில்லை. புது கேஸ்கெட். மூலையில் கிடந்த இன்ஜினிலிருந்து கழற்றிய கறுப்பு வாஷர்களை ஒவ்வொன்றாக அரத்தில் சோதித்து, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டார். சப்பாத்தி மாவை நடுவிலிருந்து வெளியே தேய்ப்பதுபோல், நடு நட்டில் ஆரம்பித்து ஓரம் வரைக்கும், மூன்று சுற்றாக இறுக்கினார். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு 'டிக்'குக்கும் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார், கச்சேரியில் உட்கார்ந்திருப்பதுபோல.

"எண்ணூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க ஐயா. ஒருக்கா இறுக்கிட்டு, டேப்பட் பார்த்து விட்டுருதேன்." (பழைய வகை கேஸ்கெட் ஓட ஓட அமுங்கும். அதனால் மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும். ஹெட் இறுகினால் வால்வ் இடைவெளி மாறும், அதையும் சரி செய்ய வேண்டும். இதற்காகவே கோவில்பட்டிக்கு இன்னொரு தடவை போய் வந்தோம்.)

மறுநாள் பொங்கல் வைத்துவிட்டு மதுரை திரும்பினோம். வழியெல்லாம் அப்பா பேசவில்லை. வண்டியையும் பாராட்டவில்லை, ஷெட்காரரையும் திட்டவில்லை, என்னையும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனபோது, பேப்பரில் படித்துவிட்டு அப்பாவின் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறார்:

'ஹெட் கேஸ்கெட், ஆயில் - ரூ. 1,460. கட்டி இழுத்த கூலி - ரூ. 700. லேபர் - ரூ. 900. வாஷர் - அண்ணாச்சி காசு வாங்கவில்லை. மண்பானை (பழையது லாரி குலுக்கலில் உடைந்தது) - ரூ. 60. பையன் இன்று முழுக்க அண்ணாச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.'